பெயர் வெட்டிய தெரு

இந்தக் கட்டுரையைப் படிக்குமுன் உங்களுக்கு ஒரு சிறு வேலை. எழுந்து உங்கள் வீட்டு அடுப்படிக்குப் போங்கள். அலமாரியின் அடித்தட்டிலோ பழைய பெட்டிக்குள்ளோ பாட்டி காலத்துச் செம்பு ஒன்று இருக்கும். தூக்குச்சட்டியோ குடமோகூட இருக்கலாம். அதை எடுத்துத் துடைத்து, கழுத்தோரம் பாருங்கள். ஒரு பெயர் வெட்டியிருக்கிறதா? பெயருக்குப் பின்னால் முக்கோணமாக மூன்று புள்ளிகள் தெரிகின்றனவா? தெரிந்தால், அந்தப் பெயரை வெட்டியது என் அப்பாவாக இருக்கக்கூடும்.

நான் கூலிம் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது பினாங்கு ஜார்ஜ் டவுனில், அதுவும் கடைத்தெருவில். இன்று அதன் பெயர்ப் பலகையில் லெபோ பாசார் என்று இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் மார்க்கெட் ஸ்திரீட் என்றார்கள். நம்மவர்களுக்கு அது என்றைக்கும் கடைத்தெருதான். கெடாவிலும் செபராங் பிறையிலும் உள்ள தோட்டத்துப் பெரியவர்களிடம் ‘பினாங்குக் கடைத்தெரு’ என்று சொல்லிப் பாருங்கள். முகத்தில் தீபாவளி வந்துவிடும்.

அப்பா அந்தத் தெருவில் ஒரு பாத்திரக் கடையில் 1961இல் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு 14 வயது. முதலில் பாத்திரம் துடைத்தார், லோரியிலிருந்து கட்டு இறக்கினார். பிறகு முதலாளி அவர் கையில் ஒரு சிறு உளியையும் சுத்தியலையும் கொடுத்துப் பெயர் வெட்டப் பழக்கினார். அன்றிலிருந்து 38 ஆண்டுகள் அதே வேலை. பித்தளை போய் எவர்சில்வர் வந்தது. கடை வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா மட்டும் மாறவில்லை.

1999 முடிந்ததும் கடையும் போனது, நாங்கள் குடியிருந்த மாடி அறையும் போனது. பட்டர்வொர்த் பக்கம் ஒரு சிறு பிளாட்டுக்குக் குடி வந்தோம். அப்பா ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை பார்த்தார். அதன்பின் அவர் கடைத்தெருவுக்குப் போகவே இல்லை. தைப்பூசத்திற்குக் கூப்பிட்டால்கூட, “மூடுன கடையப் பாத்து என்னடா ஆகப் போவுது?” என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அவரை மறுபடியும் அந்தத் தெருவுக்கு அழைத்துப் போனது ஒரு செம்பு.

செம்பு சொன்ன செய்தி

கடந்த ஆண்டு என் வகுப்பு மாணவி ஒருத்தி நான்கு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. மாலையில் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். காய்ச்சல்தான், பயப்பட ஒன்றுமில்லை. “வாங்கய்யா, உக்காருங்க” என்று அவள் பாட்டி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுக் கீழே வைக்கும்போது பார்க்கிறேன், கழுத்தோரம் பாட்டியின் பெயர். ‘லை’ என்று முடியும் பெயர். இந்தக் காலத்து லை இல்லை, யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த பழைய லை. அதற்குப் பின்னால் மூன்று புள்ளிகள்.

“பாட்டி, இது எங்கே வாங்கினது?” என்று கேட்டேன்.

“என் கல்யாணத்துக்கு எங்கப்பா வாங்குனதுய்யா. எழுபத்து நாலுல. பினாங்குக்குப் பெரியில போயி, கடைத்தெருவுல வாங்குனாரு. நானும் கூடப் போனேன். ஒரு பையன் உக்காந்து டக்கு டக்குன்னு தட்டி என் பேர எழுதுனான். அன்னிக்குத்தான் என் பேரு எப்படி இருக்கும்னு பாத்தேன்.”

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய பெயரை அதுவரை செக்ரோலில் கிராணி எழுதினார், அடையாளக் கார்டில் யாரோ எழுதினார்கள். எல்லாம் வேற்று எழுத்தில். தன் பெயரைத் தன் மொழியில் அவர் முதன்முதலாகப் பார்த்தது ஒரு செம்பின் கழுத்தில்.

கைப்பேசியில் அதைப் படமெடுத்துக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “லையில சுழி சரியா விழல. தீபாவளிக் கூட்டமா இருந்திருக்கும்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஒரு தடவ அங்க கூட்டிட்டுப் போறியாடா?” என்று கேட்டார்.

பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். வாருங்கள், நீங்களும் எங்களோடு நடக்கலாம்.

பெரியில் போகும்போது

காரில் பாலம் வழியாகப் போயிருக்கலாம். அப்பா சம்மதிக்கவில்லை. கடைத்தெருவுக்குப் போவதென்றால் பெரியில்தான் போகவேண்டுமாம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பினாங்குப் பாலம் திறந்தது 1985இல். அதற்குமுன் தோட்டத்து மக்களுக்கு வேறு வழி ஏது? விடியற்காலையில் பஸ் ஏறிப் பட்டர்வொர்த் வந்து, பெரி பிடித்து, போனஸ் பணத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு குடும்பத்தோடு போனார்கள். நம்மில் பலர் கடலை முதன்முதலில் பார்த்ததே அந்தப் பயணத்தில்தான். கீழ்த்தட்டில் காரும் மேல்தட்டில் ஆட்களுமாகப் போன அந்தப் பழைய பெரிகள் 2020 இறுதியோடு ஓய்ந்துவிட்டன. 2023 ஆகஸ்டிலிருந்து நான்கு புதிய பெரிகள் ஓடுகின்றன. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மட்டும் ஏற்றுகின்றன. அப்பாவுக்குப் புதிய பெரி பிடித்துவிட்டது. “சீட்டு நல்லாருக்கு” என்றார்.

நடுக்கடலில் அவர் பேச்சு பழைய கப்பல்கள்மேல் போனது. நம் தாத்தாக்களையும் பாட்டிகளையும் சுமந்து வந்த கப்பல்களில் பெயர்பெற்றது ரஜூலா. 1926இல் கட்டப்பட்ட கப்பல் அது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கு வந்து, பிறகு தெற்கே சிங்கப்பூர்வரை போகும். வந்திறங்கியவர்களில் பலர், ஊருக்குள் காலெடுத்து வைக்குமுன் ஜெரெஜாக் தீவு முகாமில் நோய்ச் சோதனைக்காகத் தங்க வைக்கப்பட்டார்கள். தோட்ட வேலைக்கு ஆளெடுத்து அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. ஆனாலும் கப்பல் போக்குவரத்து பல ஆண்டுகள் தொடர்ந்தது.

“வந்த கப்பல் மட்டும் இல்லடா, போன கப்பலும் உண்டு” என்றார் அப்பா.

அது 1969ஆம் ஆண்டுக்குப் பிந்திய கதை. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்ற சட்டம் வந்தபோது, ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் அனுமதி கிடைக்காமல் ஊர் திரும்பினார்கள். ஒரே குடும்பத்தில் பிள்ளைக்குக் குடியுரிமை இருக்கும், பெற்றோருக்கு இருக்காது. புறப்படுமுன் சிலர் கடைத்தெருவுக்கு வந்து பாத்திரம் வாங்கிப் பெயர் வெட்டிக்கொண்டு போனார்கள்.

“ஒரு அம்மா ரெண்டு செம்பு வாங்குச்சு. ஒண்ணுல தன் பேரு, ஒண்ணுல மக பேரு. மக இங்கக் கட்டிக்குடுத்த பொண்ணு, அது வரல. எதை யாருக்குக் கட்டணும்னு கேட்டேன். என் பேரு போட்டத மககிட்ட குடுங்க, அவ பேரு போட்டத நான் கொண்டு போறேன்னு சொல்லுச்சு.”

அதற்குமேல் அப்பா பேசவில்லை. பெரி கரையை நெருங்கிவிட்டது.

கடற்கரையாக இருந்த தெரு

இறங்கியதும் வெல்டு கீ சாலை. அதைக் கடந்தால் கடைத்தெருவின் கடல்பக்கத் துண்டு தொடங்குகிறது. அதற்கு கட் லெபோ பாசார் என்று பெயர். ‘கட்’ என்பது என்ன என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. படித்துறையைக் குறிக்கும் இந்தியச் சொல் அது. கங்கைக் கரையில் உள்ள ‘காட்’தான் பினாங்கில் இப்படிக் குறுகியது. ஒரு காலத்தில் கடல் அலை லெபோ பந்தாய் வரைக்கும் வந்துகொண்டிருந்தது. பந்தாய் என்றாலே கடற்கரைதானே! 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடலைத் தூர்த்து வெல்டு கீயை உண்டாக்கினார்கள். கடல் பின்வாங்கினாலும் பெயர் அங்கேயே நின்றுவிட்டது.

பிரான்சிஸ் லைட் 1786இல் இந்தத் தீவில் இறங்கினார். அவர் காலத்தில் போட்ட தெருக்கள் இன்றும் அதே நேர்கோட்டில் கிடக்கின்றன. ஆரம்பத்திலேயே தமிழர்கள் இங்கே இருந்தார்கள் என்பதற்குத் தெருவின் பெயரே சாட்சி. பக்கத்தில் உள்ள சூலியா தெரு, தமிழ் முஸ்லிம் வணிகர்களை அக்காலத்தில் அழைத்த பெயரைத் தாங்கி நிற்கிறது. நாம் பால்மரம் சீவ வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் என்று மட்டும்தான் பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். கித்தா இந்த நாட்டுக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இங்கே தமிழர்கள் கடை வைத்திருந்தார்கள் என்பதையும் அவர்களுக்குச் சொல்லவேண்டும்.

கடைத்தெரு

லெபோ பந்தாயைத் தாண்டியதும் வாசனை வந்துவிட்டது. ஒரு பக்கம் மல்லியும் சோம்பும், இன்னொரு பக்கம் ஊதுவத்தி. பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கிறது. சேலைக் கடை, மளிகைக் கடை, பலகாரக் கடை எல்லாம் இன்றும் இருக்கின்றன. அப்பா ஐந்தடிப் பாதையில் மெதுவாக நடந்தார். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க எல்லாக் கடை முன்பும் விட்டிருக்கும் இந்த நடைபாதைதான் அன்றைக்குப் பலருக்கும் பிழைப்பிடம். தைப்பவர், சாவி செய்பவர், பூக்கட்டுபவர், பெயர் வெட்டும் என் அப்பா, எல்லாரும் ஐந்தடிக்காரர்கள்தான்.

எங்கள் பழைய கடை வாசலில் நின்றோம். எவர்சில்வர் குடங்கள் சரஞ்சரமாகத் தொங்கிய இடத்தில் இப்போது செடித் தொட்டிகள். உள்ளே குளிர்சாதனம் வைத்த காப்பிக் கடை. சுற்றுப்பயணிகள் இரண்டு பேர் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வாசல் தூணைத் தடவிப் பார்த்தார். அவர் சாய்ந்து உட்கார்ந்த தூண் அது. புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள்.

ஏன் இப்படி ஆனது? பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல் சொல்லிவிடுகிறேன். 1948 ஜனவரி மாத இறுதிக்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு இஷ்டப்படி வாடகை ஏற்றமுடியாது என்று 1966இல் ஒரு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் ஆயிரக்கணக்கில் அதன் கீழ் இருந்தன. அதனால்தான் எங்களைப்போன்ற ஏழைகள் நகரத்தின் நடுவில் குடியிருக்க முடிந்தது. எங்கள் மாடி அறைக்கு மாதம் 45 வெள்ளி. சட்டம் 1997இல் நீக்கப்பட்டது. 2000 ஜனவரியோடு கட்டுப்பாடு முழுவதுமாக விலகியது. அடுத்த மாதமே எங்கள் வாடகை 400 வெள்ளி என்றார்கள்.

வீட்டுச் சொந்தக்காரர்மேல் மட்டும் பழி போடுவதற்கில்லை. 45 வெள்ளி வாங்கிக்கொண்டு ஒழுகும் கூரையை எந்த மனிதர்தான் மாற்றுவார்? ஆனால் அந்த ஒரு ஆண்டில் தெரு காலியானது. எங்கள் வரிசையில் மட்டும் ஆறு குடும்பங்கள் வெளியேறின. பெட்டி படுக்கையை லோரியில் ஏற்றியபோது நான் பயிற்சிக் கல்லூரியிலிருந்து விடுப்பில் வந்திருந்தேன். அம்மா அடுப்படியைக் கழுவிவிட்டுத்தான் படியிறங்கினார். அடுத்து வருபவர்களுக்குச் சுத்தமாக இருக்கவேண்டுமாம்.

2008 ஜூலையில் மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரங்களாக அறிவித்தது. நல்ல செய்திதான். கட்டடங்களை இனி இஷ்டத்திற்கு இடிக்க முடியாது. நானும் மகிழ்ந்தேன். ஆனால் சுவரைக் காப்பாற்றச் சட்டம் வருவதற்குள், சுவருக்குள் இருந்தவர்கள் போய்விட்டார்களே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

கிட்டங்கியும் கோவிலும் பள்ளிவாசலும்

கடைத்தெருவைக் குறுக்கே வெட்டும் லெபோ பினாங், செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த தெரு. தரையில் சிறு மேசை போட்டு, எதிரே இரும்புப் பெட்டி வைத்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களின் கோவில் வீடும் இதே தெருவில்தான். 1894இல் வந்த வெள்ளி ரதம், தைப்பூசத்திற்கு முதல் நாள் விடியற்காலையில் இங்கிருந்துதான் தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது. ரதம் போகும் வழியெல்லாம் மலைமலையாகத் தேங்காய் உடைபடும். உடைப்பவர்களில் சீனர்களும் நிறைய. 2017 முதல் தங்க ரதம் ஒன்றும் புறப்படுகிறது. அது கிளம்புவது குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோவிலிலிருந்து.

அந்தக் கோவில் 1833இல் எழுந்தது. பினாங்கின் பழமையான இந்துக் கோவில் இதுவே. அப்பா உள்ளே போய் அம்மா பெயருக்கு அர்ச்சனை செய்தார். அம்மா தவறி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. “இருக்கிறவங்க பேருக்குத்தான்பா அர்ச்சனை செய்வாங்க” என்று மெல்லச் சொன்னேன். “எனக்குத் தெரியும்டா, போ” என்றார். ஐயர் ஒன்றும் கேட்கவில்லை.

தெரு முடியும் இடத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சாலை. பழைய பெயர் பிட் ஸ்திரீட். தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய பள்ளிவாசல் அது. அதே சாலையில் சீனர்களின் குவான் யின் கோவில், கோடியில் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். பத்து நிமிட நடையில் நான்கு வழிபாட்டு இடங்கள்.

பள்ளிவாசல் பக்கத்தில் நாசி கண்டார் சாப்பிட்டோம். ‘கண்டார்’ என்றால் தோளில் சுமக்கும் கம்பு. ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்பும் தொங்க, தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத் தொழிலாளர்களுக்குத் தூக்கிப் போய் விற்ற சாப்பாடு அது. இன்று கம்பு போய்விட்டது, பெயர் இருக்கிறது. அப்பா குழம்பை அதிகம் ஊற்றச் சொன்னார். மருத்துவர் கூடாது என்றதை நானும் அன்று நினைவுபடுத்தவில்லை.

மூன்று புள்ளி

திரும்பும் வழியில் இன்னும் இருக்கும் ஒரு பாத்திரக் கடைக்குள் அப்பா நுழைந்தார். ஓர் இளைஞர் மின்சாரக் கருவியால் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம், அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. அப்பா கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, “தம்பி, உளி வச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். அந்த இளைஞர் விழித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் பின்கட்டுக்குப் போய்த் தேடி, துருப்பிடித்த உளி ஒன்றைக் கொண்டுவந்தார். “எங்கப்பா காலத்துது, ஐயா” என்று மரியாதையாக இரண்டு கையாலும் கொடுத்தார்.

அப்பா ஒரு செம்பு வாங்கினார். கட்டையில் கவிழ்த்து, யார் பெயரை வெட்டுவது என்று என்னைப் பார்த்தார். காய்ச்சலில் படுத்திருந்த என் மாணவியின் பெயரைச் சொன்னேன். டக், டக், டக். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கை நடுங்கியது. ஆறு எழுத்துக்குக் கால்மணி நேரம் ஆனது. முதல் இரண்டு புள்ளிகள் சரியாக விழுந்தன. மூன்றாவது கொஞ்சம் தள்ளி விழுந்துவிட்டது. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. “வேற ஒண்ணு வெட்டட்டுமா?” என்றார். வேண்டாம் என்றேன்.

பள்ளி திறந்த அன்று அந்தச் செம்பைப் பிள்ளையின் வீட்டில் கொடுத்தேன். பாட்டியின் செம்பும் பேத்தியின் செம்பும் இப்போது ஒரே அலமாரியில் இருக்கின்றன. ஒன்றில் பழைய எழுத்து, மற்றொன்றில் புதிய எழுத்து. பேத்தி இரண்டையும் உரக்கப் படித்துக் காட்டினாள்.

வாசகர்களே, தோட்டங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. லயத்து வீடுகள் இடிபட்டு, நம் மக்கள் தாமான்களுக்கும் பிளாட்டுகளுக்கும் குடிபோகிறார்கள். சின்ன வீட்டில் இடமில்லை என்று பழைய பாத்திரங்களைச் சாமான்காரரிடம் கிலோ கணக்கில் போடுகிறோம். நம் முன்னோர் நாட்குறிப்பு எழுதவில்லை, புகைப்படம் அதிகம் எடுக்கவில்லை. பலர் தங்கள் பெயரை எழுத்தில் விட்டுச் சென்ற ஒரே இடம் அந்தப் பாத்திரம்தான். எடை போடுமுன் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். யார் பெயர், எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், யார் வாங்கிக் கொடுத்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். கேட்டதைப் பிள்ளைகளை விட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத வையுங்கள். அடுத்த முறை பினாங்குக்குப் போகும்போது அந்தப் பாட்டியையும் தாத்தாவையும் கூட்டிக்கொண்டு கடைத்தெருவில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள்.

மூன்று புள்ளி வைத்த பாத்திரம் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த இதழின் முகவரிக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். அப்பாவுக்குப் படித்துக் காட்டுகிறேன். எழுத்தில் ஏதாவது பிழை இருந்தால், அன்றைக்குக் கூட்டம் அதிகம் என்பார், பொறுத்துக்கொள்ளுங்கள்.